செட்டும் எளிமையும்: வல்லிக்கண்ணனை முன்வைத்துச் சில கேள்விகள்

தமிழ் எழுத்தாளன் ஒருவன் செத்துப்போனதும் எழுதப்படும் அஞ்சலிக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருபவர்களுக்கு ஒரு சங்கதி பிடிபட்டிருக்கும். அவன் என்ன எழுதினான் என்பதற்கு முன்னாலேயே எப்படி வாழ்ந்தான் என்பது வந்து உட்கார்ந்துவிடுகிறது. குறிப்பாக, எவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு வாழ்ந்தான் என்பது. ஓர் அறை, இரண்டு வேட்டி, சுவரோரம் அடுக்கிய பத்திரிகைக் கட்டுகள். இது வெறும் வர்ணனை இல்லை, வாதம். குறைவாக வைத்திருந்தான், ஆகவே யாருக்கும் கட்டுப்படாமல் இருந்தான், ஆகவே மன நிம்மதியோடு இருந்தான், ஆகவே அவன் எழுத்தை நம்பலாம். இந்த 'ஆகவே'களில் ஒன்றைக்கூட நாம் நிறுத்தி விசாரித்ததில்லை. ஏனென்றால் சிறுபத்திரிகை நடத்துகிறவர்களும் இயக்கங்களில் இருக்கிறவர்களும் அன்றாடம் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஆறுதலும் இதே வாக்கியம்தான். விசாரிக்கப்போனால் வீட்டுக்குள் போகவேண்டிவரும்.

தாமிரபரணிக் கரையில் இந்த வாதத்துக்கு மிகச் சரியாகப் பொருந்துகிற மனிதர் வல்லிக்கண்ணன். ராஜவல்லிபுரத்துக்காரர். ரா.சு. கிருஷ்ணசாமி. ஊர்ப்பெயரில் உள்ள வல்லியும் தன் பெயரில் உள்ள கண்ணனும் சேர்ந்த புனைபெயர். 1920-ல் பிறந்து 2006-ல் சென்னையில் இறந்தார். இளம் வயதில் அரசாங்க குமாஸ்தா வேலை கிடைத்திருக்கிறது. எழுத்துக்கு இடைஞ்சல் என்று அதை விட்டார். 1940களின் தொடக்கத்தில் கையில் காசில்லாமல் சென்னைக்கு நடந்தே போய்விடுவது என்று கிளம்பியவர். அப்புறம் 'கிராம ஊழியன்' உள்ளிட்ட பத்திரிகைகளில் வேலை, சென்னை வாசம், கல்யாணம் செய்துகொள்ளாத வாழ்க்கை, நூற்றுக்கு மேல் கதைகள், நாவல்கள், மொழிபெயர்ப்புகள். 'தீப'த்தில் தொடராக வந்து நூலான 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' 1978-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பரிசு வந்த பிறகும் வாழ்க்கையின் அளவு மாறவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்சலட்டைகள். ஊர்ப்பக்கம் இலக்கியம் பேசுகிற வீடுகளில் தேடினால் அவருடைய கார்டு ஒன்று அகப்படும். என் சித்தப்பாவிடம் ஒன்று இருக்கிறது. பதினைந்து பைசா கார்டு, விளிம்புவரை நெருக்கி எழுதிய எழுத்து. இதழ் வந்து சேர்ந்தது, படித்தேன், இன்னின்ன கதைகள் நன்றாக இருக்கின்றன. அவ்வளவுதான். அந்தக் கார்டுக்காகவே இரண்டாம் இதழ் கொண்டுவந்தவர்கள் உண்டு. ஒரு மனிதன் தன் தேவைகளைப் பதினைந்து பைசாவுக்குள் சுருக்கிக்கொண்டு, மிச்சப்பட்ட நேரம் முழுவதையும் யாரென்றே தெரியாத பையன்களுக்குக் கொடுத்திருக்கிறான். இதைக் கிண்டல் செய்கிற உத்தேசம் எனக்கில்லை. நம் சூழலில் இதற்கு இணையான இன்னொரு காரியத்தைச் சொல்வது கஷ்டம்.

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. அவர் சென்னையில் வாழ்ந்தது அண்ணன் குடும்பத்தோடு. தனி அறையில் தானே பொங்கித் தின்ற துறவி அல்ல. வேளாவேளைக்குச் சோறு வந்தது. வேட்டி துவைத்து மடித்து வந்தது. கார்டு எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நிற்கிற பால்காரனுக்கு வேறு யாரோ பதில் சொல்லியிருப்பார்கள். இது அவர் மறைத்த விஷயம் அல்ல. கூட்டுக் குடும்பத்தின் சாதாரண ஏற்பாடு. மறைத்தவர்கள் நாம். அவருடைய எளிமையைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் அந்த அடுப்படி எத்தனை வரி இடம்பெற்றிருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம்.

இந்த மௌனம் மொழியிலேயே இருக்கிறது. எங்கள் ஊரில் சிக்கனத்துக்குச் 'செட்டு' என்று ஒரு சொல் உண்டு. "அவ செட்டா குடும்பம் நடத்துதா" என்பார்கள். அந்த வாக்கியத்தின் எழுவாய் அநேகமாகப் பெண். வடித்த கஞ்சியை வீணாக்காமல் உப்புப் போட்டுக் கொடுப்பது, விசேஷ வீட்டில் மிஞ்சிய குழம்பையும் கறியையும் ஒன்றாகச் சேர்த்து நாள்கணக்கில் சுண்டவைத்துச் சுண்டக்கறி ஆக்குவது, நார்த்தங்காயை உப்பில் போட்டு வருஷத்தை ஓட்டுவது, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் சில்லறை ஒளிப்பது எல்லாம் செட்டு. அதையே ஆண் செய்தால், அதாவது செய்யாமல் இருந்தால், "எளிமையா வாழ்ந்தாரு" என்கிறோம். செட்டு என்பது வேலை, ஓயாத கணக்கு. எளிமை என்பது குணம். கணக்கே இல்லாத நிலை. அமைப்பியல்காரர்கள் சொல்வதுபோல் சொல்லுக்குப் பொருள் வேறொரு சொல்லோடு உள்ள வேறுபாட்டில்தான் பிறக்கிறது என்றால், எளிமைக்கு ஒளி வருவது செட்டு இருட்டில் கிடப்பதால்தான்.

இன்னொன்றும் உண்டு. எளியவன் என்றால் பழைய வழக்கில் வறியவன், வலியவனுக்கு எதிர்நிலையில் நிற்பவன். எளிமை என்பது ஒருவன்மேல் சுமத்தப்பட்ட நிலை. அது எப்படி ஒருவன் தானாக அணிந்துகொள்ளும் நற்குணமாக மாறியது என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. காந்திக்கு அதில் பெரிய பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். எப்படியானாலும் சொல் இடம் மாறியபோது, இன்னும் எளியவராகவே இருந்தவர்கள் அந்தச் சொல்லை இழந்துவிட்டார்கள்.

வெளிநாட்டுக்காரர்களை உதாரணம் காட்டினால்தான் சிலர் ஒத்துக்கொள்வார்கள். எளிய வாழ்வின் வேதநூலாகக் கருதப்படும் 'வால்டன்' 1854-ல் வந்தது. தோரோ குளக்கரையில் குடிசை கட்டி இரண்டு வருஷம் சொச்சம் இருந்தார். குடிசைக்கான செலவை 28 டாலர் 12 அரை சென்ட் என்று ஆணிவரைக்கும் கணக்குக் காட்டுகிறார். நிலம் எமர்சனுடையது; அதற்கு வாடகை அந்தக் கணக்கில் இல்லை. இதைச் சொல்லி தோரோவைக் கவிழ்த்துவிட்டதாகக் குதூகலிப்பதும் அற்பத்தனம்தான். கணக்கில் ஏறாத வரி எது என்பதுதான் நம் அக்கறை.

கணக்கில் ஏறாத வரியைத் தமிழில் முதலில் எழுதிப் பார்த்தவர் புதுமைப்பித்தன். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் போய் எழுதிப் பிழைத்தவர், 1948-ல் காசநோயில் செத்தவர் என்பதால் அவரையும் தரித்திர மகிமைக் கதையாடலுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். அவருடைய கதைகள் அதற்கு ஒத்துழைப்பதில்லை. 'ஒரு நாள் கழிந்தது' கதையில் முருகதாசர் என்கிற எழுத்தாளர் வாடகை வீட்டில் மனைவி கமலத்தோடும் குழந்தையோடும் இருக்கிறார். நண்பர்கள் வருகிறார்கள். இலக்கியம் பேசக் காப்பி வேண்டும். காப்பிக்குக் கடையில் கடன் சொல்லவேண்டும். கடைசியில் வந்த நண்பரிடமே கைமாற்றுக் கேட்கிறார். கேட்டதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கிறது. இந்தக் கதையில் திண்ணைப் பேச்சுக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. புதுமைப்பித்தன் அந்தச் சுவரின் இரண்டு பக்கத்தையும் காட்டுகிறார். வறுமையில் சுதந்திரம் இருக்கிறது என்று முருகதாசர் நினைத்துக்கொள்ளலாம். சுவருக்கு அந்தப்பக்கம் அந்த நினைப்புக்கு இடமில்லை. 'செல்லம்மாள்' கதையிலோ நெருக்கம் அதிகம். ஜவுளிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளை வாடகை மிச்சம் என்று பட்டணத்தைத் தாண்டி ஒதுங்கி வாழ்கிறார். அந்த மிச்சத்தின் விலையைத் தருவது நோயாளி மனைவியின் உடம்பு. அவளுக்கு ஊருக்குப் போகவேண்டும். போவதற்குக் காசு சேருவதே இல்லை. பிள்ளை கெட்டவர் அல்ல. அவரே சமைக்கிறார், அவரே கால் பிடித்துவிடுகிறார். செட்டு வேலையை ஓர் ஆண் செய்கிற அபூர்வமான தமிழ்க் கதை அது. அதனாலேயே அதில் எளிமையின் ஒளிவட்டம் துளிகூட இல்லை.

சி.சு. செல்லப்பா 1959-லிருந்து 1970வரை 'எழுத்து' நடத்தினார். மனைவியின் நகைகளை விற்றுப் பத்திரிகை நடத்தினார் என்பது நாம் பெருமையோடு திருப்பித் திருப்பிச் சொல்கிற கதை. சொல்லும்போது நம் குரல் தழுதழுக்கும். அந்த வாக்கியத்தில் நகை 'மனைவியின்' என்ற ஆறாம் வேற்றுமையில் இருக்கிறது. தியாகம் மட்டும் எழுவாய்க்குப் போய்விடுகிறது. இலக்கணம் படித்த எனக்கு இது இவ்வளவு காலம் கண்ணில் படவில்லை.

வல்லிக்கண்ணனுக்குத் திரும்புகிறேன். எளிமை அவருக்கு மன அமைதியைக் கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அமைதி அவருடைய விமர்சனத்தை என்ன செய்தது? 1940களில் 'கோயில்களை மூடுங்கள்' என்று துண்டுப் பிரசுரம் எழுதியவர் அவர். கோரநாதன் என்ற பெயருக்கு ஏற்ற கோரம் அதில் இருந்தது. அந்தக் கோரநாதனுக்கும் பிற்காலத்து அஞ்சலட்டைக்காரருக்கும் இடையில் என்ன நடந்தது? யாரிடமும் எதுவும் வாங்காதவனுக்கு யாரையும் உள்ளபடி சொல்லிவிடுகிற சுதந்திரம் இருக்கிறது. அவர் அதைப் பயன்படுத்தியது பெரும்பாலும் தட்டிக்கொடுப்பதற்கு. மோசமான கவிதைக்கும் அவர் கார்டு நல்லதாகவே ஒரு வார்த்தை சொன்னது. தேவைகள் குறையக் குறைய, சண்டைகளும் குறைந்துவிட்டன போலும். இது எல்லா எளிமைக்காரர்களுக்கும் பொருந்தாது. செல்லப்பா கடைசிவரை சண்டைக்காரர்தான். ஆனாலும் நிம்மதிதான் இலக்கு என்றால் விமர்சகன் இழக்கவேண்டிய பொருள்களில் முதலாவது அவன் கோபம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லவேண்டும், வேறு வழியில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலையை விட்டேன். யாரும் விரட்டவில்லை, நானாகத்தான் விட்டேன். பாளையங்கோட்டையில் சின்ன வீடு, சைக்கிள், மெய்ப்புத் திருத்துவதில் வருகிற பணம், வெளியில் டீ குடிப்பதில்லை. நாலு மாதத்தில் தூக்கம் நன்றாக வந்தது. இந்தச் சுகத்தைப் பற்றித்தான் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். வல்லிக்கண்ணன், தோரோ என்று குறிப்புகள் சேர்ந்துகொண்டிருந்தன. என் மனைவி தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறாள். குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "வல்லிக்கண்ணனா? அவர் கதையத்தான் பத்தாங் கிளாசுக்கு வருஷா வருஷம் நடத்துதேனே" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. தமிழ் எம்.ஏ. என்றால் இப்படித்தான். மத்திய பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கில வாசகத்தில் 'மேடம் ரைட்ஸ் தி பஸ்' என்று அது இருக்கிறது. வள்ளி என்ற எட்டு வயசுப் பெண். வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருப்பவள். டவுனுக்குப் போய்வரும் பஸ்ஸில் ஒரு தடவை ஏறவேண்டும் என்று ஆசை. போக முப்பது பைசா, வர முப்பது பைசா என்று பெரியவர்கள் பேச்சிலிருந்து காதில் வாங்கித் தெரிந்துகொள்கிறாள். பெப்பர்மிண்ட் வாங்காமல், பொம்மை, பலூன் வாங்காமல், திருவிழாவில் ராட்டினம் சுற்றவேண்டும் என்று வந்த ஆசையையும் கையில் காசை வைத்துக்கொண்டே அடக்கி, அறுபது பைசா சேர்க்கிறாள். மத்தியானம் அம்மா தூங்குகிற நேரத்தில் பஸ் ஏறுகிறாள். குழந்தை என்று யாராவது சொன்னால் கோபம் வருகிறது. எல்லோரையும்போல நானும் டிக்கெட் காசு கொடுத்திருக்கிறேன் என்பது அவள் கட்சி. டவுனில் கண்டக்டர் குடிப்பதற்கு ஏதாவது வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள்; திரும்பிப் போக டிக்கெட் மட்டும் போதும். வரும் வழியில், போகும்போது பஸ்ஸுக்கு முன்னால் ஓடின பசு அடிபட்டுச் செத்துக் கிடக்கிறது. அதற்கப்புறம் அவள் வெளியே பார்ப்பதில்லை.

சிக்கனமும் சுதந்திரமும் ஒன்றாகிற இடம் எது என்று நான் வல்லிக்கண்ணனின் வாழ்க்கையில் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ அதைக் கதையில், ஒரு சின்னப் பெண்ணிடம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வள்ளியின் செட்டு கணக்கு உள்ள செட்டு. தன் பெப்பர்மிண்டைத்தான் அவள் மறுக்கிறாள். இன்னொருவர் தட்டிலிருந்து எடுக்கவில்லை. சேர்த்தவளும் அவள், செலவழிப்பவளும் அவள். ஓசியில் வரும் குளிர்பானத்தை மறுப்பதில் உள்ள கறாரைக் கவனிக்கவேண்டும். ஆசை இல்லாததால் மறுக்கவில்லை, கடன்படக்கூடாது என்று மறுக்கிறாள். முக்கியமாக, அவள் சேர்ப்பது நிம்மதிக்காக இல்லை, உலகத்தைப் பார்ப்பதற்காக. பார்த்தும் விடுகிறாள், அதில் செத்த பசுவும் இருக்கிறது. வல்லிக்கண்ணனின் கார்டுகளில் அந்தப் பசு இல்லை.

ஆனால் இந்தக் கதையிலும் அடுப்படி இருக்கிறது. அம்மாவின் மத்தியானத் தூக்கம். சமைத்து, பரிமாறி, ஏனம் கழுவி முடித்த பெண்ணுக்கு நாளில் கிடைக்கிற ஒரே ஓய்வு அது. அந்த ஓய்வின் அளவுக்குள்தான் வள்ளியின் பயணம் நடந்து முடியவேண்டும். அம்மா பஸ் ஏறவில்லை. கடைசியில், நமக்குத் தெரியாமல் உலகத்தில் என்னென்னவோ நடக்கிறது என்று அம்மா பேசுகிறாள். வள்ளி ஆமோதித்துச் சிரிக்கிறாள். சிரிப்பு அழகுதான். வாசகன் வள்ளியோடு சேர்ந்து சிரித்துவிட்டு அம்மாவை மறந்துவிடுகிறான். நானும் மறந்தேன். என் மனைவிதான், "வள்ளி காசு சேத்தா, வள்ளியே செலவழிச்சா. இங்க நீங்க செட்டா இருக்கீங்க, நான்லா செலவழிக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வாடகையும் கரண்ட் பில்லும் குழந்தையின் ஃபீஸும் அவள் சம்பளத்தில் போகின்றன. நான் அதைத் தெரிந்தே வைத்திருந்தேன். என் எளிமைக் கணக்கில் மட்டும் எழுதவில்லை.

இது குடும்ப விவகாரம், இதை ஏன் இங்கே இழுக்கவேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். இதே கணக்கு மலையிலும் நடந்திருக்கிறது என்பதால்தான். சிங்கம்பட்டி ஜமீன் நிலத்தை 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து உருவானது மாஞ்சோலை எஸ்டேட். தேயிலை பறித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக லயன் வீடுகளில், யாரும் பாடம் நடத்தாமலேயே, குறைவாக வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். கூலியை உயர்த்தவும் சிறையில் இருந்த தொழிலாளர்களை விடுவிக்கவும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குப் பேரணி வந்தது. போலீஸ் அடித்தது. ஆற்றுக்குள் இறங்கியவர்களையும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் அடக்கம். 2024-ல் தொழிலாளர்களை மலையைவிட்டு இறங்கச் சொன்னபோது, அத்தனை தலைமுறைச் செட்டுக்கும் ஈடாகக் கீழே சொந்தமாக ஒரு வீடு சேர்ந்திருக்கவில்லை. இவர்களிடம் போய்த் தேவைகளைக் குறைத்தால் விடுதலை என்று எந்த வாயால் சொல்வது? குறைத்ததன் மிச்சம் யார் கைக்குப் போயிற்று என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிற பெண்களும் வாராவாரம் அதையே கேட்கிறார்கள். கம்பெனி கொடுக்கிற இலை போதாமல்போனால் தன் காசில் இலை வாங்கிக் கணக்கை நேர்செய்கிறவர்கள் அவர்கள். அந்த இலைக்கான காசு, தோரோவுக்குக் கிடைத்த நிலத்தைப்போலவே, எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ராஜவல்லிபுரம் போன்ற ஊர்களில் ஒரு காலத்தில் காரும் பிசானமும் இரண்டு போகமும் வீட்டுக்கு நெல் வந்தது. வயலில் இறங்காத வீடுகளுக்கும் வந்தது. அந்த நெல்லை வைத்துக்கொண்டு தேவைகளைக் குறைப்பதும், நெல்லை விளைவித்துவிட்டுத் தேவைகளைக் குறைப்பதும் ஒரே செயல் இல்லை. நெல் வருமானத்தையே நம்பி நொடித்துப்போன பிள்ளைமார் வீடுகளைப் பற்றி வல்லிக்கண்ணன் எழுதியிருக்கிறார். வேலை செய்யாத அந்த ஆண்களிடம் அவருக்குப் பரிவும் எரிச்சலும் சேர்ந்தே இருந்தன. அவற்றை எளிமையின் அரசியல் என்ற கோணத்திலிருந்து மறுவாசிப்புச் செய்ய யாராவது முன்வரவேண்டும். எனக்கு அதற்கு முன்னால் வேறொரு வேலை இருக்கிறது. புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாக வந்து பேசப்பட்டன. அதில் இருப்பது அவர் பக்கத்துக் கணக்கு: பணம் வரும், அனுப்புகிறேன், கொஞ்சம் பொறு. அந்தக் கடிதங்களைத் திருவனந்தபுரத்தில் வாங்கிப் படித்த கமலா விருத்தாசலமும் கதைகள் எழுதினார். தொகுப்பின் பெயர் 'காசுமாலை'. நான் இதுவரை வாசித்ததில்லை. பாளையங்கோட்டையில் இரண்டு நூலகங்களில் பார்த்தாயிற்று. வைத்திருக்கிற நண்பர்கள் நகலெடுத்து அனுப்பினால், நகல் செலவையும் தபால் செலவையும் என் மெய்ப்புக் கூலியிலிருந்து கொடுத்துவிடுகிறேன்.